எரிந்தது லக், பழி கேபிளுக்கு: பீனியா பட்டறை ஒன்றில் அலுமினியமா செம்பா என்ற விசாரணை

பெங்களூரு பீனியா தொழிற்பேட்டையில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் நடத்தும் இயந்திரப் பட்டறை அது. முன்கட்டடத்தில் மின் விநியோக நிறுவனமான பெஸ்காமின் மீட்டரும் மெயின் பேனலும் இருக்கின்றன. பின்னால் உள்ள கொட்டகையில் சி.என்.சி. இயந்திரங்களும் ஒரு கம்ப்ரசரும் ஓடுகின்றன. இரண்டையும் இணைப்பது தரையோடு ஓடும் கான்கிரீட் வாய்க்காலில் கிடக்கும் 85 மீட்டர் கேபிள். மூன்றரை கோர் (ஃபேஸுக்கு ஒன்றாக மூன்று முழுக் கடத்திகள், நியூட்ரலுக்கு ஏறக்குறையப் பாதித் தடிமனில் ஒன்று), 120 சதுர மி.மீ., அலுமினியம், எக்ஸ்.எல்.பி.இ. பிளாஸ்டிக் காப்பு, மேலே இரும்புக் கவசம். போட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

சென்ற ஆண்டு மார்ச் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை முதலாளி அழைத்தார். "கேபிள் எரிந்துவிட்டது. அலுமினியத்தை நம்பியது என் தவறு. செம்புக்கு விலைப்புள்ளி வாங்கிவிட்டேன், நீங்கள் வந்து அளவு சரிதானா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். அந்தப் பழைய கேபிளை எடுத்துவிட்டுச் செம்பு போடுவதும், பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த புதிய கொட்டகைக்கும் அதே செம்பைப் போடுவதும் அவர் திட்டம். "எரிந்த துண்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், எதையும் கழற்றாமல் அப்படியே வையுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கேபிள் எரிந்தது என்று சொல்லும் இடங்களில் பத்துக்கு ஒன்பதில் கேபிள் எரிந்திருக்காது. இது என் தொழிலில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது.

ஃபோர்மேன் தருமபுரிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நடந்ததை அவரிடம் வரிசையாகக் கேட்டேன். மூன்று வாரமாகவே ஓர் இயந்திரத்தின் டிரைவ் அவ்வப்போது மின்னழுத்தம் குறைவு என்று அலாரம் கொடுத்திருக்கிறது. அணைத்துப் போட்டால் ஓடியிருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை கொட்டகைக்குள் இருக்கும் பேனல் பக்கம் மீன் வாடை வந்திருக்கிறது. "வெளியே யாரோ சமைக்கிறார்கள் என்று நினைத்துவிட்டோம், தம்பி" என்றார். மின்பேனல் அருகே காரணமில்லாமல் மீன் வாடை வந்தால், சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடை அது. சுவிட்ச் கியரில் உள்ள சில வகை பிளாஸ்டிக்குகள் மிகைச் சூட்டில் இப்படித்தான் நாறும். சனிக்கிழமை ஒரு ஃபேஸ் முழுதும் போய், கம்ப்ரசர் மோட்டார் முனகி, ரிலே அதை நிறுத்தியிருக்கிறது.

அந்தக் கொட்டகைப் பேனலைத் திறந்தோம். மின்சாரம் உள்ளே வரும் சுவிட்சின் கீழே மூன்று லக்குகள், அதாவது கேபிளின் நுனியைப் பேனலோடு போல்ட்டில் இணைக்கும் உலோகக் குழாய்முனைகள். மஞ்சளும் நீலமும் நிறம் மங்கி நின்றன. சிவப்பு ஃபேஸின் சுருங்கு உறை கரியாகி, லக்கின் கழுத்தில் உருகி வழிந்து இறுகியிருந்தது. போல்ட் நீலம் பாய்ந்திருந்தது. அந்த லக்கை வெட்டி எடுத்து, ஹேக்சாவால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தோம். அந்தப் பிளவில்தான் முழுக் கதையும் இருந்தது.

லக்கின் மேல் பதிந்திருந்த எண் 95. கேபிளோ 120. கடையில் சரியான அளவு இல்லை போலும். இருந்ததை வாங்கி வந்து, கேபிள் நுழையாததால் வெளிச்சுற்று இழைகளில் ஆறை இடுக்கியால் கத்தரித்துவிட்டு உள்ளே தள்ளியிருக்கிறார்கள். மீதி இழைகளும் ஒழுங்காக உட்காரவில்லை. இந்த வகைக் கேபிளில் ஒவ்வொரு கோரும் பீட்சாத் துண்டுபோல் முக்கோணச் சாயலில் இருக்கும். வட்டக் குழாய்க்குள் நுழைக்கும் முன் அதை வட்டமாக்க வேண்டும். அது செய்யப்படவில்லை. அழுத்தியதும் கருவியால் அல்ல. உளியும் சுத்தியலும் பதிந்த இரண்டு பள்ளங்கள் தெளிவாகத் தெரிந்தன. பிளந்த இடத்தில் இழைகளுக்கு நடுவே சாம்பல் நிறப் பொடி உதிர்ந்தது. கிரீஸ் ஒரு துளிகூட இல்லை. லக்கின் தட்டையான முகம் நேராகச் செம்புப் பஸ்பாரில், அதாவது பேனலுக்குள் மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பட்டையில், உட்கார்ந்திருந்தது. இரண்டு உலோகங்களும் தொட்ட வட்டம் முழுக்கக் கறுப்பு.

இதற்குப் பெயர் அலுமினியத்தின் கோளாறா?

அலுமினியத்தின் குணத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காற்று பட்ட கணமே அதன் மேல் ஆக்சைடு படலம் ஒன்று உருவாகும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம்தான், ஆனால் மின்சாரத்தைக் கடத்தாது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் ஆக்சைடோ 2,000 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். ஆகவே இணைப்புக்கு முன் கம்பித் தூரிகையால் இழைகளைத் தேய்த்து, காற்று மீண்டும் படாதபடி உடனே இணைப்புக் கிரீஸைப் பூச வேண்டும். அடுத்து, விரிவு. ஒரு டிகிரி சூட்டுக்கு ஒரு மீட்டர் அலுமினியம் 23 மைக்ரான் நீளும், செம்பு 17, இரும்பு போல்ட் 12. லோடு ஏறும்போது அலுமினிய லக் போல்ட்டைவிட அதிகமாக வீங்கி நசுங்குகிறது. இரவில் ஆறும்போது நசுங்கிய அளவுக்குத் தளர்கிறது. தொடர்ந்த அழுத்தத்தில் மெல்ல இளகி நகரும் பழக்கமும் இந்த உலோகத்துக்கு உண்டு. மூன்றாவது, செம்போடு ஈரத்தில் சேர்ந்தால் அரிக்கப்படுவது அலுமினியமே.

மூன்றுக்கும் மருந்து பல பத்தாண்டுகளாகக் கடையில் கிடைக்கிறது. அந்தப் பேனலில் மூன்றில் ஒன்றுகூட இல்லை.

எரியாமல் தப்பித்த மஞ்சள் ஃபேஸின் இணைப்பை மைக்ரோ ஓம் மீட்டரில் அளந்தேன். 3 மில்லி ஓம் காட்டியது. கேட்க அற்பமாகத் தோன்றும். அந்தக் கொட்டகையின் லோடு சுமார் 75 கிலோவாட், அதாவது ஃபேஸுக்கு ஏறக்குறைய 116 ஆம்பியர். 116 ஆம்பியர் 3 மில்லி ஓமில் பாய்ந்தால் 40 வாட் சூடு. ஒரு சிறிய சோல்டரிங் அயர்ன் 35 வாட்தான். அப்படி ஒன்றைப் பற்றவைத்து, மூடிய பேனலுக்குள் கட்டைவிரல் நீள உலோகத்தில் இரவு பகலாகக் கட்டி வைத்ததற்குச் சமம். அதே நேரத்தில் 85 மீட்டர் கேபிளோ, மீட்டருக்கு ஒரு கோரில் நாலரை வாட்டுக்கும் குறைவான சூட்டையே வெளிவிட்டுக்கொண்டு சும்மா கிடந்தது.

கேபிளையும் சோதித்தோம். இரு முனைகளையும் கழற்றி காப்பைச் சோதிக்கும் 1,000 வோல்ட் மெக்கர் போட்டதில், கோருக்குக் கோரும் கோருக்கு எர்த்துக்கும் 500 மெகா ஓமுக்கு மேல். கொட்டகைப் பக்க முனையில் ஒரு சாண் தூரத்துக்குக் காப்பு விறைத்துப் போயிருந்தது. அதைத் தாண்டி வெட்டியபோது உள்ளே இழைகள் புதுக் கத்தியின் விளிம்பு போல் பளபளத்தன. ஃபோர்மேன் அந்த வெட்டுமுகத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

பிறகு அவரே ஒன்றைச் சொன்னார். "நான் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முந்தின நாள் பேனலைத் திறந்து, தூசி தட்டி, எல்லா போல்ட்டையும் நீளமான ஸ்பேனரால் இறுக்கிவிடுவேன். தளர விட்டதே இல்லை." அவருடைய அக்கறையில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த இறுக்கம்தான் நிலைமையை விரைவுபடுத்தியது. அலுமினிய லக்கை ஆண்டுதோறும் முழுப் பலத்தோடு இறுக்கினால், அது ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் நசுங்கி வெளியே பிதுங்கும். ஆறியதும் முன்பைவிடத் தளர்வாக நிற்கும். மறு ஆண்டு இன்னும் இறுக்கத் தோன்றும். இதை அவரிடம் சொல்லத் தயங்கினேன். சொன்னபோது, "யாரும் இதைச் சொல்லித் தரவில்லையே" என்றார். உண்மைதான். எந்த ஒப்பந்தக்காரரும் வேலையை முடித்துக் கைமாற்றும்போது இதைச் சொல்வதில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

மாலையில் முதலாளியின் அறையில் உட்கார்ந்தோம். மேசையில் செம்புக் கேபிளின் விலைப்புள்ளி, மூன்றரை கோர் 70 சதுர மி.மீ. அளவு தேர்வில் பிழை இல்லை. 120 அலுமினியத்துக்கு ஈடாகச் செம்பில் 70 சரிதான். ஆனால் ஈடு என்ற சொல்லை முழுசாகப் பார்க்க வேண்டும் என்றேன். தாளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன்.

சம தடிமனில் செம்பே சிறந்த கடத்தி, மறுப்பில்லை. அலுமினியத்தின் கடத்துதிறன் அதில் சுமார் 61 சதவீதம். ஆனால் நாம் கேபிளைத் தடிமன் பார்த்து வாங்குவதில்லை, வேலையைப் பார்த்து வாங்குகிறோம். கம்பிகளுக்கான இந்தியத் தர அளவான ஐ.எஸ். 8130-ல், 70 செம்பின் மின்தடை கிலோமீட்டருக்கு 0.268 ஓம். 120 அலுமினியத்தின் மின்தடை 0.253 ஓம். அலுமினியமே சற்றுக் குறைவு. 85 மீட்டரில் முழு லோடில் அழுத்த இழப்பு செம்பில் 5.8 வோல்ட், அலுமினியத்தில் 5.5 வோல்ட். ஷார்ட் சர்க்யூட் வந்தால் ஒரு விநாடி தாங்கும் மின்னோட்டம், 70 செம்புக்கு சுமார் 10 கிலோ ஆம்பியர், 120 அலுமினியத்துக்கு 11.3. மின்சாரத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒரு சுற்று அலுமினியம் முன்னால் நிற்கிறது.

இப்போது எடை. செம்பின் அடர்த்தி 8.96, அலுமினியத்தின் அடர்த்தி 2.7. நியூட்ரலையும் சேர்த்துக் கணக்கிட்டால் அந்த 85 மீட்டரில் செம்பு மட்டும் 187 கிலோ. அலுமினியம் 99 கிலோ. தடிமன் கூடியும் எடை பாதிதான். காப்பும் இரும்புக் கவசமும் சேர்ந்தால் முழுக் கேபிளின் எடை வித்தியாசம் இந்த அளவு பெரிதாக இருக்காது. ஆனாலும் நான்கு பேர் வாய்க்காலில் இழுக்கும்போது தோள் அதை உணரும்.

பணம் இதைவிடப் பெரிய கதை. கிலோவுக்குக் கிலோ செம்பு அன்று அலுமினியத்தைப்போல் சுமார் மூன்றரை மடங்கு விலை. எடையில் பாதி, விலையில் மூன்றரையில் ஒன்று. இரண்டும் பெருகும்போது, உள்ளே இருக்கும் உலோகத்தின் செலவு செம்பில் ஆறரை மடங்கு ஆகிறது. காப்பு, கவசம், தயாரிப்புச் செலவு எல்லாம் சேர்ந்து அந்த வித்தியாசம் குறைந்தாலும், அவர் கையிலிருந்த விலைப்புள்ளி அதே வேலையைச் செய்யும் அலுமினியக் கேபிளின் விலையைப்போல் மூன்று மடங்கை நெருங்கியிருந்தது. அதுவும் புதிய கொட்டகைக்குத்தான் வாங்கியே ஆக வேண்டும். பழைய கொட்டகைக்கு எதையுமே வாங்க வேண்டியதில்லை, ஏனென்றால் பழைய கேபிள் நல்ல நிலையில் இருக்கிறது.

முதலாளி எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. "செம்பு என்றால் பின்னால் விற்றாலும் காசு" என்றார். நம் வீடுகளில் செம்புக் குடத்துக்கும் அண்டாவுக்கும் இருக்கும் மரியாதை அந்தப் பேச்சில் இருந்தது. நானும் அந்த வீடுகளில் வளர்ந்தவன்தான். ஆனால் வாய்க்காலில் போட்ட செம்பு, இருபது முப்பது ஆண்டுக்கு வட்டியில்லாமல் முடங்கும் பணம். அதோடு, பின்னால் விற்றால் காசு என்பது நமக்கு மட்டும் தெரிந்த செய்தி அல்ல. புதிய கொட்டகையின் கட்டட வேலை நடக்கும்போதே எர்த்துக்காகப் போட்ட செம்புப் பட்டை ஒரே இரவில் காணாமல் போயிருந்தது. பழைய இரும்புக் கடையில் அலுமினியக் கேபிளுக்குக் கிடைக்கும் விலைக்காக யாரும் ராத்திரியில் சுவர் ஏறிக் குதிப்பதில்லை.

நான் மேட்டூர்க்காரன். 1965 முதல் மேட்டூரில் மால்கோ ஆலை அலுமினியம் உருக்கியது. ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட் வரும். அந்த லாரிகளின் செம்மண் தூசியைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அலுமினியம் மட்டமான உலோகம் என்ற பேச்சு எப்போதுமே உறுத்தும். இந்தியாவில் பாக்சைட் தாராளமாக இருக்கிறது. செம்புத் தாது குறைவு, பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2018-ல் தூத்துக்குடி உருக்காலை மூடப்பட்ட பின், சுத்திகரித்த செம்பை ஏற்றுமதி செய்துவந்த நாடு இறக்குமதி செய்யும் நாடாகவும் மாறியது. நம் தலைக்கு மேல் கோபுரத்துக்குக் கோபுரம் ஓடும் உயர் அழுத்தத் தடங்களில் இருப்பது, எஃகு முதுகெலும்பின் மேல் முறுக்கிய அலுமினியம். நாட்டின் மின்சாரமே அதில்தான் வருகிறது.

அலுமினியத்தின் குறைகளையும் அவரிடம் மறைக்கவில்லை. தடிமன் கூடுவதால், கேபிள் பேனலுக்குள் நுழையும் இடத்தில் அதைப் பிடிக்கும் கிளாண்டு ஓர் அளவு பெரிதாகும், வளைவுகளுக்கு இடம் அதிகம் வேண்டும். நெருக்கடியான பேனலில் அது உண்மையான தொல்லை. தரையில் புதைந்த இடத்தில் மேலுறை கிழிந்து ஈரம் நுழைந்தால், அலுமினியம் செம்பைவிட வேகமாக வெள்ளைப் பொடியாகிவிடும். மண்ணிலிருந்து அலுமினியம் எடுக்க மின்சாரமும் ஏராளமாகச் செலவாகிறது, கிலோவுக்கு ஏறக்குறைய 14 யூனிட். அதை மறுசுழற்சி செய்ய அந்த ஆற்றலில் சுமார் இருபதில் ஒரு பங்கு போதும் என்பது ஆறுதல்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, மெல்லிய கம்பிகளில் அலுமினியத்தை நான் தொடவே மாட்டேன். அமெரிக்காவில் 1965-க்கும் 1973-க்கும் இடையில் செம்பின் விலை ஏறியபோது ஏராளமான வீடுகளுக்கு உள்வயரிங்கே அலுமினியத்தில் செய்தார்கள். சுவிட்சுகளிலும் பிளக் பாயிண்டுகளிலும் திருகு இணைப்புகள் தளர்ந்து தீப்பிடித்தன. மெல்லிய கம்பி ஒரு கீறலுக்கே முறியும். ஒரு வீட்டில் நூறு இணைப்புகள் இருக்கும். ஒவ்வொன்றையும் தூரிகை, கிரீஸ், அழுத்துகருவி என்று யார் செய்வார்கள்? எனவே என் வழக்கம் இது: 16 சதுர மி.மீ.க்குக் கீழே செம்பு மட்டும். அதிரும் இயந்திரத்துக்கும் அசையும் கேபிளுக்கும் எந்த அளவானாலும் செம்பு. நீண்டு கிடக்கும், அசையாத, இரண்டே முனை உள்ள பெரிய கேபிளுக்கு அலுமினியம். 85 மீட்டரில் எட்டு இணைப்புகள். அந்த எட்டையும் ஒரு நாள் முழுக்க நின்று ஒழுங்காகச் செய்யலாம்.

அன்றிரவு அவர் முடிவைச் சொல்லவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு, "வேண்டிய சாமான் பட்டியலை அனுப்புங்கள்" என்று மட்டும் செய்தி வந்தது.

பி.வி.கே. ஐயங்கார் சாலையில் இரண்டு கடை ஏறி இறங்கி, பைமெட்டாலிக் லக்குகளை வாங்கினோம். குழாய் அலுமினியம், தட்டை முகம் செம்பு; இரண்டும் தொழிற்சாலையிலேயே உராய்வுப் பற்றவைப்பில் ஒன்றானவை. அலுமினியம் அலுமினியத்தைத் தொடுகிறது, செம்பு செம்பைத் தொடுகிறது. கொட்டகைப் பேனலுக்கு அடியில் வாய்க்காலில் ஒரு சுற்றுக் கேபிள் உபரியாகக் கிடந்தது பெரிய அதிர்ஷ்டம். முன்னர் போட்டவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அது. ஒன்றரை அடி வெட்டியும் நீளம் போதுமானதாக இருந்தது.

ஒரு முனையை நான் செய்து காட்டினேன், மற்றவற்றை ஃபோர்மேனும் அவருடைய உதவியாளரும் செய்தார்கள். காப்பை வட்டமாகச் சீவும்போது கத்தி இழையைத் தொடக்கூடாது. முக்கோணக் கோரை வட்டமாக்கும் அச்சில் அழுத்தி, தூரிகையால் தேய்த்து, பளபளப்பு மங்குவதற்குள் கிரீஸ் பூசி, லக்கின் அடிவரை நுழைத்து, ஹைட்ராலிக் கருவியால் தட்டை முகத்துப் பக்கமிருந்து தொடங்கி அறுகோண அச்சில் வரிசையாக அழுத்த வேண்டும். கடைசி அழுத்தத்தில் லக்கின் வாயில் கிரீஸ் ஒரு மெல்லிய வளையமாகப் பிதுங்கி வந்தது. "இது வரவேண்டுமா, சார்?" என்று உதவியாளர் கேட்டார். வரவேண்டும். உள்ளே காற்றுக்கு இடமில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. போல்ட்டுகளின் கீழே, விரிவும் சுருக்கமும் வந்தாலும் அழுத்தம் விடாத கூம்பு ஸ்பிரிங் வாஷர். டார்க் ரெஞ்சில் குறித்த அளவுக்கு இறுக்கி, போல்ட்டின் தலையிலிருந்து லக்கின் மேல்வரை சிவப்பு பெயிண்டில் ஒரு கோடு. இனி யாரும் இறுக்க வேண்டியதில்லை. கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

மைக்ரோ ஓம் மீட்டரில் எல்லா இணைப்புகளும் 50 மைக்ரோ ஓமுக்குள் நின்றன. முன்பு 40 வாட் கொட்டிய இடத்தில் இப்போது முழு லோடில் ஒரு வாட்டுக்கும் குறைவு. புதிய கொட்டகைக்கும் அதே 120 அலுமினியத்தை, அதே முறையில் போட்டோம். பேனலிலிருந்து ஒவ்வோர் இயந்திரத்துக்கும் போகும் கடைசிக் கம்பிகள் அனைத்தும் செம்பு. எர்த்துக்குக் காணாமல் போன பட்டைக்குப் பதில் துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டை.

அக்டோபரில், ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் ஃபோர்மேன் அழைத்தார். பேனலைத் திறந்து தூசி தட்டியிருக்கிறார், ஸ்பேனரை எடுக்கவில்லை. "எல்லாக் கோடும் நேராக இருக்கிறது, தம்பி. பழைய கொட்டகையில் நியூட்ரல் ஒன்று மட்டும் ஒரு நூல் விலகியிருக்கிறது. நான் கை வைக்கவில்லை" என்றார். போய்க் கழற்றிப் பார்த்தோம். அந்த ஒரு போல்ட்டில் கூம்பு வாஷரைத் தலைகீழாகப் போட்டிருந்தோம். அந்த முனை, நான் செய்து காட்டிய முனை. திருப்பிப் போட்டு, இறுக்கி, பழைய கோட்டைத் துடைத்துப் புதுக் கோடு வரைந்தார். பிறகு பேனலை மூடிச் சந்தனம் குங்குமம் இட்டார்.